வாசலில் நிற்பது பொமரேனியனா?

எங்கள் பூலாம்பாடியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், புசுபுசுவென்ற வெள்ளை முடியும் முதுகின் மேல் சுருண்ட வாலுமாக ஒரு சின்ன நாய் குரைத்து வரவேற்கும். “என்ன நாய்?” என்று மாணவர்களைக் கேட்டால், “பொமரேனியன் சார்” என்று ஒரே குரலில் சொல்வார்கள். தமிழ்நாடு முழுவதும் வழங்கும் பெயர் இதுதான். ஆனால், இவற்றில் பெரும்பாலானவை பொமரேனியன் அல்ல. ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’ என்பதே அவற்றின் சரியான பெயர்.

இரண்டும் உறவுதான்

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரப் பகுதி. இன்று அது போலந்து, ஜெர்மனி ஆகிய இரு நாடுகளிலும் பரவியுள்ளது. அப்பகுதியின் பெயரால் அழைக்கப்பட்ட நாய்கள் முன்பு உருவத்தில் பெரியவை. இங்கிலாந்தின் விக்டோரியா அரசி சிறிய உருவ நாய்களை விரும்பி வளர்த்ததால், சின்ன நாய்களையே தேர்ந்து இனப்பெருக்கம் செய்யும் வழக்கம் பரவியது. இன்றைய பொமரேனியன் ஏறத்தாழ 2 முதல் 3.5 கிலோ வரைதான் இருக்கும்.

இந்தியன் ஸ்பிட்ஸ், ஆங்கிலேயர் காலத்தில் இங்கு வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்களின் வழிவந்தது. நம் தட்பவெப்பத்தைத் தாங்கும் நாய்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால் தனி வகையாக உருவானது. சிறிய வகை 5 முதல் 7 கிலோ, பெரிய வகை 12 முதல் 20 கிலோ எடை இருக்கும். பொமரேனியனைவிட மூக்குப் பகுதி நீளமாகவும் காதுகள் பெரிதாகவும் இருப்பதைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம்.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

3 கிலோ பொமரேனியனும், நம் விருதுநகர் மாவட்டத்து உயரமான ராஜபாளையமும், முயல் வேட்டைக்குப் பெயர்பெற்ற சிப்பிப்பாறையும் ஒரே சிற்றினம்தான். உருவம் மாறியது மனிதர் செய்த தேர்வால். மரபுப் பண்புகள், செயற்கைத் தேர்வு ஆகியவற்றை விளக்க இதைவிட அருகிலுள்ள சான்று வேண்டுமா? இந்திய அஞ்சல் துறை 2005-இல் வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. அதன் படத்தையும் தெரு ஸ்பிட்ஸையும் ஒப்பிட்டு மாணவர்களை அட்டவணை தயாரிக்கச் சொல்லலாம்.

பராமரிப்பு

ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு முடி உண்டு. கோடையில் “பாவம், வெக்கையாக இருக்கும்” என்று சிலர் ஒட்ட மழித்துவிடுகிறார்கள். அது தவறு. அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. வாரம் சில முறை சீவி, உதிர்ந்த முடியையும் உண்ணிகளையும் அகற்றினால் போதும். நாய் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. ஆகவே நிழலும் குடிநீரும் எப்போதும் வேண்டும். நண்பகலில் தார்ச்சாலையில் நடத்திச் செல்லக் கூடாது.

சாதம், வேகவைத்த முட்டை, கறி ஆகியவற்றை அளவாகக் கொடுக்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சிறிய நாய்களுக்குப் பல்லில் காரை படிவதும் முழங்கால் சில்லு விலகுவதும் அதிகம். மாடிப்படி, கட்டில் போன்ற உயரங்களிலிருந்து அடிக்கடி குதிக்க விடக் கூடாது.

குட்டிக்கு 6 முதல் 8 வாரங்களில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி தொடங்க வேண்டும். 3 மாதத்தில் வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியும், பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும்படி ஊக்கத் தவணையும், ஆண்டுதோறும் ஒரு தவணையும் அவசியம்.

“சின்ன நாய்தானே?”

ஆசிரியர்களாகிய நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான். தெருநாய் கடித்தால் பதறி ஓடும் பெற்றோர், வீட்டு நாயின் பல் பட்டால் “சின்ன நாய், செல்லமாகக் கடித்தது” என்று விட்டுவிடுகிறார்கள். திட்டுக்குப் பயந்து வீட்டில் சொல்லாமலே மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. வெறிநாய்க்கடி நோய்க்கு நாயின் உருவம் ஒரு பொருட்டல்ல. அறிகுறி தோன்றிவிட்டால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. உரிய நேரத்தில் சிகிச்சை எடுத்தால் முற்றிலும் தடுத்துவிடலாம்.

கடி, கீறல் எதுவானாலும் உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். தடுப்பூசி அங்கு இலவசம். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மருத்துவர் குறித்த எல்லாத் தவணைகளையும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும்.

செப்டம்பர் 28, உலக வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு நாள். இந்நோய்க்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் மறைந்த நாளும் அதுவே. அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, “நாய் கடித்தால் யாரும் திட்டமாட்டோம், உடனே எங்களிடம் சொல்லுங்கள்” என்று மாணவர்களிடம் சொல்வோம். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காக்கக்கூடும்.