காக்கும் கருவியைக் காத்தல்

நுழையும்முன்

வீட்டில் நீர்க்குழாய் உடைந்தால், அனைவரும் முதலில் தேடுவது நீரை நிறுத்தும் வால்வையே. பல்லாண்டுகளாக எவர் கையும் படாத அவ்வால்வு அந்நேரத்தில் இயங்குமா? இவ்வினாவிற்கு வேதியியலும் இயற்பியலும் இணைந்து விடை தருகின்றன.

பழைய வால்வு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் கட்டப்பட்ட வீடுகளில் செம்புக் குழாய்கள் பெருமளவில் இடம்பெற்றன. அவற்றில் பலவற்றில் பித்தளையாலான கேட் வால்வுகள் பொருத்தப்பட்டன. சக்கரம் போன்ற கைப்பிடியைப் பலமுறை சுழற்றினால், உள்ளிருக்கும் தகடு இறங்கி நீர்வழியை அடைக்கும். நெடுங்காலம் திறந்தே இருக்கும் வால்வில், தகடு அமரவேண்டிய இடத்தில் கடினநீரின் உப்புகள் படிகின்றன. சிலவகை நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துவிடுகிறது. எஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த, வலுவிழந்த செம்பு. இதனால், வலிந்து திருகும்போது தண்டு முறிந்துவிடக்கூடும். கைப்பிடி சுழன்றாலும் தகடு இறங்காது. எனவே, தெருவிலிருந்து வரும் இணைப்பை மூட இயலும் என்பதை உறுதிசெய்த பின்னரே பழைய வால்வில் கைவைத்தல் வேண்டும்.

புதிய வால்வு

இன்று அதற்கு மாற்றாகப் பந்து வால்வு பொருத்தப்படுகிறது. நடுவே துளையுள்ள உலோகப் பந்து ஒன்று இதனுள் இருக்கும். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினாலே நீர் நின்றுவிடும். கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் வால்வு திறந்துள்ளது. குறுக்காக இருந்தால் மூடியுள்ளது. இருளிலும் பதற்றத்திலும்கூட இதனைக் கையால் தடவியே அறியலாம்.

பற்றவைப்பின் அறிவியல்

குழாயின் முனையைப் பளபளக்கத் தேய்த்து, இளக்கி தடவி, வால்வினுள் செருகிச் சூடேற்றுவர். உருகிய பற்றாசு, இரு உலோகங்களுக்கு இடையேயுள்ள மெல்லிய இடைவெளியில் நுண்புழைக் கவர்ச்சியால் தானே பரவும், மேல்நோக்கியும் ஏறும். ஆனால், குழாயில் சிறிது நீர் தங்கியிருந்தாலும் பணி கெடும். நீர் ஆவியாகும்வரை வெப்பத்தை ஈர்த்துக்கொண்டு, அவ்விடத்தின் வெப்பநிலையை 100 பாகை செல்சியசுக்கு அருகிலேயே நிறுத்திவிடும். பற்றாசு உருகுவதற்கோ 200 பாகைக்கு மேல் தேவை. ஆதலால், குழாயை முற்றிலும் வடித்தல் இன்றியமையாதது. தீச்சுடரைப் பயன்படுத்த இயலாத இடங்களில், மரையை முடுக்கி இறுக்கும் இணைப்புகள் கைகொடுக்கும்.

காரீயத்திற்குத் தடை

முற்காலப் பற்றாசில் காரீயம் கலந்திருந்தது. அது குடிநீரில் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே, குடிநீர்க் குழாய்களில் காரீயப் பற்றாசைப் பயன்படுத்த அமெரிக்கா 1986ஆம் ஆண்டு தடைவிதித்தது. அந்நாட்டில் வால்வு முதலிய கருவிகளில் நீர்படும் பகுதியின் காரீய அளவுக்கு முன்னர் 8 விழுக்காடாக இருந்த உச்சவரம்பு, 2014 முதல் சராசரி 0.25 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய வால்வை மாற்றுதல் வீட்டைக் காப்பதோடு உடல்நலத்தையும் காக்கிறது.

புதிய வால்வையும் மறந்துவிடலாகாது. ஆண்டிற்கு ஓரிருமுறை அதனை மூடித் திறந்து பார்த்தல் நன்று. இடர் வரும்போது உதவவேண்டிய கருவியை, இடரற்ற நாளில் இயக்கிப் பார்ப்பதே அறிவுடைமை.