நூறு கோப்பு, ஒரே வரி!

சி படிக்கத் தொடங்கும்போது நாம் எழுதுவதெல்லாம் ஒரே கோப்பு. இறுதியாண்டு பிராஜெக்டில் நாலு பேர் சேர்ந்தால் அது நாற்பதாகும். மைக்ரோகன்ட்ரோலர் லைப்ரரியும் சேர்ந்தால் சில நூறு! அப்போது வேலை நடுவில் நின்றுபோனால், ‘கம்பைலர் சரியில்லப்பா’ என்று லேபில் குரல் கேட்கும். பெரும்பாலும் குற்றவாளி கம்பைலர் அல்ல. தடை எங்கே என்று தெரிந்தால் வழியும் தெரியும்.

1. வரியின் நீளம்

டாஸ் காலத்தில் ஒரு கட்டளை வரிக்கு 127 எழுத்துதான். இன்றைய விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் 8191. நீளமான ஃபோல்டர் பெயர்களோடு சில நூறு கோப்புகளை எழுதினால் அதுவும் போதாது. இதற்கு மருந்து ரெஸ்பான்ஸ் ஃபைல். மயிலாப்பூர் மளிகைக் கடையில் மாதச் சாமான் முழுவதையும் வாயாலா சொல்கிறோம்? சீட்டை நீட்டுகிறோம் இல்லையா? அதேதான்! கோப்புப் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, அதன் பெயருக்கு முன் @ போட்டு ஜிசிசியிடம் கொடுங்கள். பெயர்களில் \ வேண்டாம், / போடுங்கள். \ குறிக்கு அங்கே வேறு அர்த்தம்.

2. 64 கேபி சுவர்

நம் சீனியர்கள் பயன்படுத்திய டர்போ சியில் ஸ்மால் மாடல் என்றால் மொத்த கோடும் 64 கேபிக்குள் அடங்க வேண்டும். 8086 சிப்பின் செக்மென்ட் அளவு அது. லார்ஜ் மாடலில் ஒவ்வொரு கோப்பின் கோடுக்கும் தனி செக்மென்ட். ஆகவே பெரிய கோப்பைப் பல கோப்பாகப் பிரித்தார்கள். பல கோப்பு என்பது அன்று நோயல்ல, மருந்து!

3. நேரமும் மெமரியும்

லேபில் நமக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். வீட்டில் கணினி இல்லாத நண்பனுக்கு அதுதான் எல்லாம். ஒரு வரியை மாற்றியதற்கு நூறு கோப்பையும் மறுபடி கம்பைல் செய்தால் அவன் எப்போது பிழை திருத்துவான்? 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’, மாறிய கோப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் கம்பைல் செய்யும். அதில் -ஜே ஆப்ஷன் போட்டால் பல கோப்புகள் ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் பக்கத்தில் எண் போடாவிட்டால் வரம்பே இல்லை. 4 ஜிபி மெஷின் திணறிவிடும். 2 என்று போட்டுப் பாருங்கள்.

4. கட்டுக் கட்டாகச் சேர்த்தல்

தனித்தனியாக கம்பைல் செய்தாலும் கடைசியில் லிங்க் வரி நீளும். ஒவ்வொரு ஃபோல்டரின் ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் ‘ஏஆர்’ கட்டளையால் ஒரு லைப்ரரியாகக் கட்டிவிடுங்கள். லிங்க் வரியில் லைப்ரரி பெயர், அதைப் பயன்படுத்தும் கோப்புக்குப் பிறகுதான் வர வேண்டும்.

இது பெரிய இடத்து வழியும்கூட. சி-டாக்கின் சென்னை மையம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் நமக்குத் தெரியும். அதன் அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் பல்லாயிரம் கோப்புகள். அதுவும் ஃபோல்டர் ஃபோல்டராகக் கட்டித்தான் முழுமை பெறுகிறது.

ஆகவே தோழர்களே, பிராஜெக்ட் தொடங்கும் அன்றே ஒரு மேக்ஃபைல் எழுதிவிடுங்கள். மிச்சமாகும் நேரம் உங்கள் டீமில் நாலு பேருக்கும் சொந்தம்!