நோய்க்குச் சாட்சி யார்?



சென்னீர்குப்பம், பூந்தமல்லி, அம்பத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் காயலான் கடை உண்டு. அங்கே இரும்பை உடைக்கும் கைகள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் தில்லி மாயாபுரியிலிருந்து தொடங்குகிறேன்.

தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படாமல் கிடந்த காமா கதிர்க் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் ஏலத்தில் போனது. அதற்குள் கோபால்ட்-60 இருந்தது. மாயாபுரி காயலான் சந்தையில் அதை உடைத்தார்கள். ஏப்ரலில் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார்.

அதே ஆண்டு நாடாளுமன்றம் அணுவிபத்து இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. அணுமின் நிலையத்தை நடத்துபவரின் பொறுப்புக்கு அது 1,500 கோடி ரூபாய் உச்சவரம்பு வைத்தது. உடல் பாதிப்புக்கு உரிமை கோர 20 ஆண்டு அளித்தது. ஆனால் ஆய்வுக்கும் மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் பயன்படும் நிலைக்கு வந்துவிட்ட கதிரியக்கப் பொருள்களை அதன் வரையறை விலக்கிவிட்டது. கல்லூரியிலிருந்து காயலான் கடைக்கு வந்த கோபால்ட் அதில் சேரவில்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கதிர்வீச்சால் வரும் நோய்களும் தொழில்நோய்களாக இருந்தன. அதற்கு ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. வருகைப் பதிவேடே இல்லாத கூலிக்காரர் இதை எப்படிக் காட்டுவார்? அணு நிலைய ஊழியருக்குச் சட்டையில் குத்தும் கதிர்வீச்சு அளவியாவது உண்டு. சுத்தியல் பிடித்தவருக்கு அதுவும் இல்லை.

இன்னொரு சிக்கல் நோயிலேயே இருக்கிறது. கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். வந்த கட்டி எதனால் வந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதே இழப்பீட்டின் அடிப்படைக் கேள்வி.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் யுரேனியம் சுரங்கத் தொழிலாளர்களுக்கு 1,00,000 டாலர் வழங்கியது. சட்டம் கேட்ட அளவு வேலையையும் பட்டியலிலுள்ள நோயையும் காட்டினால் போதும். காரணத்தைத் தனியே நிரூபிக்க வேண்டியதில்லை. அங்கும் காகிதம் குறுக்கே நின்றது. பழங்குடி வழக்கப்படி மணந்த நவஹோ விதவைகள் பலர் திருமணச் சான்றுக்காக அலைந்தார்கள்.

நம் கோரிக்கை இதிலிருந்து பிறக்க வேண்டும். காயலான் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் சட்டத்துக்குள் வர வேண்டும். பதிவேடு இல்லாத இடத்தில் உடன் வேலை செய்தவரின் வாக்குமூலம் சான்றாக வேண்டும். கதிர்வீச்சுப் பொருளை வைத்திருந்த நிறுவனமே தன் மீது தவறில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

அதுவரை, மாணவர்களே, உங்கள் பகுதிக் கடைகளில் யார், எங்கே, எத்தனை காலம் வேலை செய்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். இருபது ஆண்டு கழித்து ஒரு குடும்பத்துக்கு அந்த நோட்டுதான் சாட்சியாக நிற்கும்.