இரண்டு இருக்கை, ஒரு த்ராட்டில்

பைக்கின் ஹேண்டிலை இடதுபக்கம் ஒடித்ததும் எஞ்சின் தானாக உறுமியது உண்டா? ஆக்ஸிலரேட்டர் கேபிளை இறுக்கமாக இழுத்துக் கட்டிய மெக்கானிக்கின் வேலை அது. வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டுகிறவருக்கும் இதே சிக்கல்தான். ஆனால் அவரால் சாலையோரம் நிறுத்திவிட்டுப் பார்க்க முடியாது.

ஒருவர் பின் ஒருவர் அமரும் விமானங்களுக்கு இந்தக் கலையில் நீண்ட மரபு உண்டு. 1929-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைப் பூட்டிப் பறக்கவிட்ட ஏர் கேம்பர் அப்படிப்பட்டது. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் வடிவமைத்து 1995-இல் பறந்த ஆர்வி-8 இன்னொன்று. முன்னதில் பைலட் பின்னால் உட்காருவார், பின்னதில் முன்னால். அதனால் இருக்கைக்கு ஒன்றாக வைக்கும் இரண்டு த்ராட்டில் லீவர்களில் 'முதன்மை லீவர்' எது என்பதே விமானத்துக்கு விமானம் மாறும்.

இரண்டு லீவர்களையும் இணைக்க எளிய வழி, இருக்கைகளின் இடப்பக்கச் சுவரையொட்டி ஓடும் ஒரு மெல்லிய உலோகக் குழாய். லீவர் சுழலும் ஆணியிலிருந்து குழாய் மாட்டும் ஆணி வரையுள்ள தூரம் இரண்டு லீவரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால், ஒரு கை ஒரு அங்குலம் நகரும்போது இன்னொரு கை ஒன்றரை அங்குலம் போகக்கூடும். நீளமான குழாயை இழுத்தால் சிக்கல் இல்லை. தள்ளும்போதுதான் வில்லாக வளையும். நடுவில் நைலான் வளையத்துக்குள் நுழைத்துவிட்டால் வளையாது. குழாயின் முனையில் திருகும் ராட் எண்டு போதுமான அளவு உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கக் குழாயின் பக்கவாட்டில் சிறு துளை இருக்கும். மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். அது உள்ளே போனால் திருகு போதவில்லை.

அசையும் இணைப்புகளில் நைலான் பூட்டுள்ள நட் கூடாது. போல்ட் சுழன்று சுழன்று அது மெல்லக் கழன்றுவிடும். காசில் நட் போட்டு, அதன் குறுக்கே காட்டர் பின் செருகி மடக்க வேண்டும். ராட் எண்டின் வெளிப்பக்கம் ஒரு பெரிய வாஷர் போடுவதும் வழக்கம். உள்ளே இருக்கும் உருண்டை தேய்ந்து கழன்றாலும் வாஷர் குழாயைப் போகவிடாது. எடை சில கிராம்தான். இதை விட்டுவிடும் கஞ்சத்தனம் எனக்குப் புரிந்ததே இல்லை.

இனி எஞ்சின் பக்கம். லீவரிலிருந்து கேபிள் தீத்தடுப்புச் சுவரைத் தாண்டி கார்புரேட்டருக்குப் போகிறது. சைக்கிள் பிரேக் கேபிள் இழுக்க மட்டும்தான் தெரிந்தது. இங்கே பயன்படுவது தள்ளவும் செய்யும் தடித்த ரகம். எஞ்சினோ ரப்பர் மெத்தைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டார்ட் ஆகும்போது குலுங்குகிறது. கேபிளின் வெளியுறையைச் சுவரில் மட்டும் இறுக்கிவிட்டால் எஞ்சின் ஆடும் ஒவ்வொரு முறையும் த்ராட்டில் தானே திறந்து மூடும். எனவே உறையின் கடைசி முனையை கார்புரேட்டருக்குப் பக்கத்தில், எஞ்சினிலேயே பிடித்துக் கட்ட வேண்டும். சுவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தாராளமான ஒரு வளைவு விட வேண்டும். பைக் மெக்கானிக் மறந்தது இந்த வளைவைத்தான்.

கேபிள் அறுந்தால்? கார் என்றால் ஸ்பிரிங் த்ராட்டிலை மூடும். ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் ஸ்பிரிங் முழுதாகத் திறந்துவிடும். முழு வேகத்தில் ஓடும் எஞ்சினோடு விமானநிலையம் வரை வந்து, ஓடுபாதை கைக்கெட்டியதும் இக்னிஷனை அணைத்துச் சறுக்கி இறங்கலாம். த்ராட்டில் மூடிக்கொண்டால் கீழே இருக்கும் வயலே கதி. இதற்கு ஒரு விலையும் உண்டு: கையை எடுத்தால் லீவர் மெல்ல முன்னால் நகரும். அதைத் தடுக்கும் உராய்வுத் திருகை முதன்மை லீவரில் மட்டும் வையுங்கள். இரண்டிலும் வைத்தால் பின்னால் இருப்பவர் இறுக்கியது முன்னால் இருப்பவருக்குத் தெரியாது.

பொருத்தி முடித்ததும் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து ஒருவர் கார்புரேட்டரைப் பார்க்க, இன்னொருவர் முதலில் முன் லீவரையும் பிறகு பின் லீவரையும் இரு எல்லைகளுக்கும் தள்ளட்டும். கார்புரேட்டரின் கை தன் தடுப்பைத் தொட்ட பிறகும் லீவருக்குச் சில மில்லிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். லீவர் முதலில் முட்டினால் எஞ்சினுக்கு முழு சக்தி கிடைக்காது. கடைசியாக, பின் இருக்கையில் ஒரு பையோடு யாரையாவது உட்காரவைத்து, அவர் முழங்காலோ பையின் வாரோ குழாயில் மாட்டுகிறதா என்று பாருங்கள்.