ஒரே மைதானத்தில் இரு நீதி

இங்கிலாந்தில் கால்பந்துப் பந்தயம் முடிந்த பிறகும் விவகாரம் முடிவதில்லை. ரயிலடியிலும் மதுக்கடையிலும் ஜனங்கள் மத்தியஸ்தரின் தீர்ப்புகளைப் பற்றி வாதாடிக்கொண்டே வீடு போய்ச் சேருகிறார்கள். ஜெயிக்காத கட்சியின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. நாமும் அநேக சமயங்களில் அப்படித் தள்ளியதுண்டு. ஆனால் 2024ஆம் ஆண்டில் 22 நாள் இடைவெளியில் ஆர்செனல் கோஷ்டிக்கு நேர்ந்த இரண்டு சம்பவங்களை ஆராய்வோர் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

ஆகஸ்டு 31ந் தேதி லண்டனில் ஆர்செனலும் பிரைட்டனும் மோதின. முதற் பாதியில் பிரைட்டன் வீரர் ஜோவா பெட்ரோ, ஆட்டம் நின்றிருந்த வேளையில் பந்தை அப்பால் உதைத்தார். அதற்கு அட்டை எதுவும் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிஷங்களில், ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை பெற்றிருந்த ஆர்செனலின் டெக்லன் ரைஸ், எதிரிகளுக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கின்போது பந்தைக் காலால் சற்றே நகர்த்தினார். பந்தை உதைக்க வந்த பிரைட்டன் வீரரின் கால் ரைஸின் மீது பட்டது. உதைத்தவருக்கு ஒன்றுமில்லை, உதைபட்டவருக்கு இரண்டாவது மஞ்சள் அட்டையும், அதன் பயனாகச் சிவப்பு அட்டையும்! ஒரு கோல் முன்னணியில் இருந்த ஆர்செனல் பத்துப் பேருடன் ஆட நேர்ந்தது. பின்னர் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தவர் யார்? அதே ஜோவா பெட்ரோதான். இந்தச் சீரின்மை தமக்கு வியப்பளிப்பதாக ஆர்செனல் பயிற்சியாளர் ஆர்டெட்டா கூறியதில் வியப்பில்லை.

செப்டம்பர் 22ந் தேதி மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில் இதே நாடகம் மீண்டும் நடந்தது. சிட்டி வீரர் டோக்கு பந்தை அப்பால் உதைத்தார், தண்டனையில்லை. முதற் பாதியின் இறுதியில் ஆர்செனலின் டிரோசார்ட் பந்தை உதைத்தார். இரண்டாவது மஞ்சள் அட்டையுடன் வெளியேற்றப்பட்டார். பிற்பாதி முழுவதும் பத்துப் பேருடன் போராடிய ஆர்செனல், 98வது நிமிஷத்தில் ஸ்டோன்ஸ் போட்ட கோலினால் வெற்றியை இழந்தது.

மத்தியஸ்தர்களுக்காகப் பரிந்து பேசுவோர் கூறுவதையும் கேட்போம். ஆட்டம் மறுபடி துவங்குவதைத் தாமதிக்கும் பொருட்டுப் பந்தை உதைத்தகற்றுவோரை எச்சரிக்க வேண்டுமென்று பன்னிரண்டாவது விதி கூறுகிறது. ரைஸும் டிரோசார்ட்டும் பந்தைத் தொட்டது மெய். டிரோசார்ட் அதற்குச் சற்று முன்னர் எதிரியின்மீது மோதி வேறு இருந்தார். ஆகவே தீர்ப்பு சட்டப்படி சரியே என்கின்றனர். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ரசிகர்கள் கேட்கும் கேள்வி அதுவன்று. அதே விதி பெட்ரோவையும் டோக்குவையும் ஏன் தீண்டவில்லை என்பதே கேள்வி. இருவேறு மத்தியஸ்தர்கள் இருவேறு விதமாகப் பார்த்தார்கள் என்ற வழக்கமான சமாதானமும் இங்கே செல்லாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் மத்தியஸ்தர் ஒருவரே, மைதானமும் ஒன்றே, நாளும் ஒன்றே.

சந்தர்ப்பத்தை ஒட்டி விட்டுக்கொடுப்பது மத்தியஸ்தரின் விவேகம் என்று சிலர் சொல்லக்கூடும். விவேகம் வேண்டியதுதான். ஆயினும் அது ஒரு சாராருக்கு மன்னிப்பாகவும் மறு சாராருக்கு வெளியேற்றமாகவும் முடியுமானால், விதியே இல்லாதிருப்பது அதைவிட மேல். வீரர்களுக்குத் தாம் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரியும். இதற்கெல்லாம் பரிகாரமாக வந்த காணொளிப் பரிசீலனை என்ன செய்தது? அந்நாளைய ஏற்பாட்டின்படி இரண்டாவது மஞ்சள் அட்டையில் தலையிட அதற்கு அதிகாரம் கிடையாது. காட்டாமல் விட்ட மஞ்சள் அட்டையைப் பற்றியும் அது வாய் திறக்கலாகாது. திரைக்கு முன் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதாயிற்று!

ஆர்செனல் அபிமானிகளுக்கும் ஒரு வார்த்தை. அப்பருவ முடிவில் லிவர்பூல் 84 புள்ளிகளும் ஆர்செனல் 74 புள்ளிகளும் பெற்றன. அவ்விரு ஆட்டங்களில் இழந்தவை நான்கே புள்ளிகள். பட்டத்தை மத்தியஸ்தர்கள் பறித்தார்கள் என்று கூறுவது கணக்குக்கு ஒவ்வாது. மத்தியஸ்தரைத் தூஷித்துக் கூச்சலிடுவதையும் நாம் ஆதரிக்கவில்லை. முடிந்துபோன ஆட்டங்களைத் திருப்பி ஆடவும் யாரும் கேட்கவில்லை.

ரைஸுக்கு ஏன் அட்டை காட்டப்பட்டது என்பதைச் சகலரும் அறிவர். பெட்ரோவுக்கு ஏன் காட்டப்படவில்லை என்பதைத்தான் மத்தியஸ்தரே தம் கையொப்பமிட்டு, ஆட்டம் முடிந்த மறுநாளே நாலு வரியில் வெளியிட்டிருக்க வேண்டும். இனி வரும் ஆட்டங்களிலாவது அவ்வாறு செய்ய என்ன தடை இருக்கிறது?