மூட்டழற்சி நோயறிதலில் காந்த ஒத்ததிர்வுப் படிமத்தின் தரம்

காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கல் என்பது வலிய காந்தப் புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு உடலின் உட்பகுதிகளைப் படமெடுக்கும் முறையாகும். பொதுவழக்கில் இது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எனப்படுகிறது. முடக்குவாதம் முதலிய மூட்டழற்சி நோய்களில், எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு அரிப்பு தெரிவதற்கு முன்னரே, மூட்டுறை தடித்திருப்பதையும் எலும்பு மச்சையில் நீர் கோத்திருப்பதையும் இம்முறை காட்ட வல்லது. அரிக்கப்பட்ட எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆதலால் அந்த இடைக்காலமே மருத்துவத்திற்கு உரிய காலமாகும். படம் தரமாக அமையாவிடில் இப்பயன் கிட்டாது.

முத்துக்குளித்துறை எடுத்துக்காட்டு

படத்தின் தரம் ஏன் முக்கியம் என்பதற்குத் தூத்துக்குடிக் கடற்கரை நல்ல எடுத்துக்காட்டாகும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் 1961 ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. சங்கு குளித்தல் மட்டும் தொடர்கிறது. முற்காலத்தில் மூச்சடக்கி மூழ்கியவர்கள், பிற்காலத்தில் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்து நெடுநேரம் ஆழத்தில் தங்கலாயினர். அவ்வாறு தங்கியவர் விரைந்து மேலேறினால் உடலில் கரைந்துள்ள நைதரசன் குமிழிகளாகிறது. இக்குமிழிகள் எலும்புக்குச் செல்லும் குருதியைத் தடுத்து, எலும்பின் ஒரு பகுதியை இறக்கச் செய்யக்கூடும். தோள் மூட்டும் இடுப்பு மூட்டும் இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன.

தோள் வலியுடன் வரும் ஒரு சங்கு குளிப்பவருக்கு இருப்பது இந்த எலும்பு இறப்பா, மூட்டழற்சியா என்பது வெளித்தோற்றத்தில் எளிதில் விளங்காது. 2006 இல் தமிழ்நாட்டில் பரவிய சிக்குன்குனியா போன்ற காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலியும் இதில் குழப்பத்தைச் சேர்க்கலாம். நீரை வெண்மையாகக் காட்டும் படத்தில் இவை எல்லாவற்றிலும் மச்சை வெளுத்துத் தோன்றக்கூடும். எலும்பு இறப்பில் இறந்த பகுதியைச் சுற்றி ஒரு தெளிவான எல்லைக்கோடு அமையும். சில படங்களில் அது இரட்டைக் கோடாகத் தெரியும். மூட்டழற்சியிலோ மூட்டுறையின் தடிப்பே முதன்மையானது. மங்கலான படத்தில் அக்கோடும் இத்தடிப்பும் ஒருங்கே மறைந்துவிடும். முடக்குவாதத்திற்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் இறந்த எலும்பைக் குணமாக்காது. மூட்டை ஒட்டி எலும்பு இறந்திருக்கும் ஒருவர் தொடர்ந்து கடலில் மூழ்குவதும் கேடு விளைவிக்கும்.

சைகையும் இரைச்சலும்

உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் அமைந்த ஐதரசன் அணுக்கருக்கள் 1 டெஸ்லா புலத்தில் ஏறத்தாழ 42.58 மெகாஹெர்ட்சில் ஒத்ததிர்கின்றன. அவை தரும் சைகை மிக நுண்ணியது. படத்தின் தரம் என்பது பெரும்பாலும் இச்சைகை இரைச்சலைவிட எவ்வளவு மேலோங்கி நிற்கிறது என்பதே.

இங்கு எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை. விரல் மூட்டின் சிறு அரிப்பைக் காண வெட்டுத் தடிமனை 4 மி.மீ. இலிருந்து 2 மி.மீ. ஆகக் குறைத்தால் சைகை பாதியாகிறது. அதை ஈடுசெய்ய நான்கு முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். 3 நிமிடத்தில் முடிந்தது 12 நிமிடமாகிவிடும். வலியுள்ள கையை அத்தனை நேரம் அசையாது வைத்திருப்பது அரிது; அசைந்தால் கூடுதல் நேரம் முழுவதும் வீண். 3 டெஸ்லா கருவி 1.5 டெஸ்லா கருவியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு சைகை தரும். ஆனால் மூட்டை நெருக்கமாகச் சூழும் தனிச் சுருளைப் பயன்படுத்துவது, கருவியையே மாற்றுவதைவிட மலிவான, பல வேளைகளில் போதுமான வழியாகும்.

மணிக்கட்டு காந்தத்தின் நடுவில் அமைவதற்காக நோயாளியைக் குப்புறக் கிடத்திக் கையைத் தலைக்கு மேல் நீட்டச் செய்வதுண்டு. தோளிலும் அழற்சி உள்ளவருக்கு இது பெருந்துன்பம். அத்தகையோருக்குக் கையை உடலருகே வைத்து எடுத்த, சற்றுத் தரம் குறைந்த ஆனால் அசைவற்ற படமே மேலானது.

கொழுப்பை அடக்குதல்

மச்சையில் கொழுப்பு மிகுதி. அதன் சைகையை அடக்கினால்தான் கோத்த நீர் புலப்படும். நீரும் கொழுப்பும் 1.5 டெஸ்லாவில் ஏறத்தாழ 220 ஹெர்ட்சு வேறுபாட்டில் அதிர்வதால் கொழுப்பை மட்டும் தேர்ந்து அடக்கலாம். ஆனால் காந்தப் புலம் சீராக இல்லாத விரல் ஓரங்களில் இது தவறி, இல்லாத நோயை இருப்பதுபோல் காட்டும். ஸ்டிர் எனப்படும் முறை புலச் சீரின்மையால் அவ்வளவாகப் பாதிக்கப்படாது. ஆயினும் அதில் சைகை குறைவு. காடோலினியம் மருந்து செலுத்திய பின் ஸ்டிர் பயன்படுத்துவது தவறாகும். மருந்தேறிய திசுவும் கொழுப்பைப் போன்றே நடந்து, அடக்கப்பட்டுவிடக்கூடும். 1984 இல் டிக்சன் வெளியிட்ட நீர்-கொழுப்புப் பிரிப்பு முறை, பின்னர் மேம்படுத்தப்பட்டு, இக்குறைகள் பலவற்றைத் தீர்த்துள்ளது.

போலித் தோற்றங்கள்

முழங்காலின் பின்புறத் தமனியின் துடிப்பு, படத்தில் மூட்டின் மீதே நிழல்களாகப் படிவதுண்டு. கட்டக் குறியீட்டுத் திசையை மாற்றினால் அந்நிழல்கள் மூட்டை விட்டு விலகும். ஓடும் நீர்மத்தின் ஒத்ததிர்வுச் சைகை ஓட்டத்தைப் பொறுத்து மாறுவதைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஜி. சூர்யன் 1951 இலேயே ஆராய்ந்து வெளியிட்டார் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. லாட்டர்பர் முதல் படிமத்தை வெளியிட்டது 1973 இல்தான். தசைநாண்கள் காந்தப் புலத்திற்கு ஏறத்தாழ 55 பாகையில் சாய்ந்திருக்கும்போது, நோயின்றியே வெளுத்துத் தோன்றுவது மற்றொரு போலியாகும்.

மதிப்பிடுதல்

முடக்குவாதக் கையின் படங்களை மதிப்பிட ராம்ரிஸ் என்னும் அளவுமுறை பயன்படுகிறது. இதில் மூட்டுறை அழற்சிக்கும் மச்சை நீர்க்கோப்புக்கும் 0 முதல் 3 வரையும், எலும்பு அரிப்புக்கு 0 முதல் 10 வரையும் புள்ளிகள் தரப்படுகின்றன. ஒரே நோயாளியை மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுகையில் இரு படங்களும் ஒரே சுருளில், ஒரே தடிமனில் எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல் புள்ளி மாறியது மருந்தாலா கருவியாலா எனக் கூற இயலாது.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு கொண்டு குறைந்த நேரத்தில் எடுத்த, இரைச்சல் மிகுந்த தரவுகளிலிருந்து தெளிந்த படம் ஆக்கப்படுகிறது. நெடுநேரம் அசையாதிருக்க இயலாதோருக்கு இது பெரும் உதவியாகும். எனினும் இரைச்சலை நீக்கும்போது ஓரிரு மி.மீ. அளவேயுள்ள அரிப்பும் வழவழப்பாக்கப்பட்டு மறையக்கூடும் என்பதால், ஐயமுள்ள மூட்டை வழமையான முறையில் மீண்டும் எடுத்துப் பார்ப்பது நல்லது.