மீனைக் காக்கும் சட்டம், வழியை மறந்த சட்டம்

ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பேருந்தை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் காபித் தோட்டங்களுக்குப் போகும் சாலைகள். அந்த மலையில் பெய்யும் மழை இரண்டு நதிகளுக்குப் பங்கு பிரிகிறது. சேர்வராயன் மலையின் தெற்கு, மேற்குச் சரிவுகளில் விழும் தண்ணீர் திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் இறங்கிக் காவிரியில் சேர்கிறது. வடகிழக்கில் விழுவது வாணியாறாகித் தென்பெண்ணைக்குப் போகிறது. இரண்டும் கடைசியில் வங்கக் கடலில்தான் கலக்கின்றன. தண்ணீர் கீழே போகும் இந்த வழியில் மேலே ஏறி வரும் மீன்களும் உண்டு. அவற்றைக் காக்க இந்தியாவில் 125 ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது. ஆனால் மீன் குறைந்துகொண்டே போகிறது.

உலகில் இப்படி ஏறும் மீன்களில் பேர் பெற்றது சால்மன். நம் ஊர் மீன் கடையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கும் காலா மீன் வேறு இனம். அசல் சால்மன் வட அட்லாண்டிக், வட பசிபிக் கரை நாடுகளுக்கு உரியது. ஆற்றின் சரளைக் கற்களுக்கு நடுவே முட்டையிலிருந்து வெளிவந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பெரும்பாலும் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. இதனால் அதைக் காப்பதும் சிக்கலாகிறது. ஆற்றில் காத்துக் கடலில் விட்டாலும் போச்சு, கடலில் காத்து ஆற்றை அடைத்தாலும் போச்சு.

இங்கிலாந்தில் 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சாசனமே தேம்ஸ், மெட்வே நதிகளில் போட்டிருந்த மீன்பிடித் தடுப்புகளை அகற்றச் சொன்னது. படகுப் போக்குவரத்துதான் அன்றைய முதல் கவலை என்றாலும், ஆற்றை அடைக்கக்கூடாது என்ற கொள்கை அங்கே அவ்வளவு பழையது. சால்மனுக்கென்றே தனிச் சட்டம் 1861-இல் வந்தது. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை தன் 66-ஆவது பிரிவில், எந்த நாட்டு ஆற்றில் மீன் பிறக்கிறதோ அந்த நாட்டுக்கே அதன்மேல் முதல் அக்கறையும் பொறுப்பும் உண்டு என்று எழுதிவைத்தது. மீன் கடலில் எவ்வளவு தொலைவு போனாலும் பிறந்த ஊர் விட்டுப்போவதில்லை.

இந்தியாவில் சால்மன் இல்லை. அதே வாழ்க்கை வாழும் மீன் இருக்கிறது. நம் மீனவர்கள் உல்லம் என்பார்கள். வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் ஹில்சா அதுதான். கடலில் வளர்ந்து, ஆற்றில் புதுவெள்ளம் புரளும்போது முகத்துவாரம் வழியே எதிர்நீச்சலடித்து மேலேறி முட்டையிடும். ஆடிப்பெருக்குக் காலத்து வெள்ளம்தான் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அதற்குக் கிடைத்த அழைப்பு.

அணை கட்டியவரே கேட்ட கேள்வி

கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் உள்ள கீழணை 1836-இல் கட்டப்பட்டது. கட்டியவர் ஆர்தர் காட்டன். டெல்டாவின் பாசனத்துக்கு அது பெரும் வரம். கடலிலிருந்து ஏறி வந்த உல்லத்துக்கோ அது சுவர். சால்மன் துள்ளிக் குதித்துத் தடையைத் தாண்டும். உல்லம் துள்ளும் மீன் அல்ல. அணைக்குக் கீழே கூட்டமாகத் தேங்கி நிற்கும். அங்கே வலை போடுகிறவர்களுக்கு அது விருந்து.

இதில் வியப்பு என்னவென்றால், பாசன அணைகளால் கடலோர மீன்வளம் கெடக்கூடும் என்று 1867-இல் லண்டனுக்கு எழுதிக் கேட்டவரும் அதே ஆர்தர் காட்டன்தான். அதை ஆராய நியமிக்கப்பட்டவர் சென்னை ராணுவ மருத்துவப் பணியில் இருந்த ஃபிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றி இன்றும் மேற்கோள் காட்டப்படும் பெரிய நூலை எழுதியவர். நன்னீர் மீன்பிடிப்பு பற்றிய அவரது அறிக்கை 1873-இல் வெளியானது. வலைக் கண்ணிக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும், குஞ்சுகளை அள்ளக் கூடாது, அணைகளில் மீன் ஏற வழி விட வேண்டும் என்பவை அவர் வாதங்கள்.

சட்டம் வர மேலும் 24 ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பே தமிழ்நாட்டின் இன்னொரு மலைக்கு மீன் சட்டம் வந்துவிட்டது. நீலகிரிக்காக 1879-இல் இயற்றிய அந்தச் சட்டம் வேட்டை விலங்குகளையும், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் காக்கப் பிறந்தது. சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீனை ஊட்டி ஓடைகளில் விட்டுத் தூண்டில் போட வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு ஆசை. 1863-இல் டே முயன்று தோற்றார். 1907-இல் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சுப் பண்ணை அமைந்தது. ஊர் மீனுக்கு முன்னால் விருந்தாளி மீனுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது.

200 ரூபாய் அபராதம்

1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் மிகச் சிறியது. அதன் 4-ஆம் பிரிவு வெடி வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. ஆறு, ஏரிகளோடு கரையிலிருந்து சுமார் மூன்று கடல் மைல் வரையிலான கடலுக்கும் இது பொருந்தும். 5-ஆம் பிரிவு தண்ணீரில் நஞ்சோ சுண்ணாம்போ கலப்பதைத் தடுக்கிறது. எழுதப்பட்டபோது இரண்டுக்கும் தண்டனை, அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். அன்று 200 ரூபாய் பெரும் தொகை. மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் வித்தை அன்று இங்கே புழக்கத்தில் இல்லை. ஆகவே அந்த வாசகத்தில் மின்சாரம் இல்லை.

6-ஆம் பிரிவுதான் உயிர்நாடி. எந்தெந்த நீர்நிலையில் எந்த வலை, என்ன கண்ணி, எங்கே தடுப்பு கட்டக் கூடாது என்று மாநில அரசு விதி செய்யலாம். ஓர் ஆற்றுப் பகுதியில் இரண்டு ஆண்டுகள் வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கலாம். சுதந்திரத்துக்குப் பிறகு அரசமைப்புச் சட்டமும் மீன்வளத்தை மாநிலப் பட்டியலில்தான் வைத்தது. கடல் எல்லைக்கு அப்பால் மட்டும் மத்திய அரசு.

இத்தனை எழுதிய சட்டம், அரசே கட்டிவைத்த அணையை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெடி வைக்கும் தனியாள் குற்றவாளி. ஆற்றைக் குறுக்கே மறிக்கும் அரசு அணை மீனுக்கு வழிவிட வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

அதன் விலை மேட்டூரில் தெரிந்தது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. ஆடி வெள்ளம் இனி ஆற்றின் விருப்பம் அல்ல, மதகின் விருப்பம். கொள்ளிடத்தில் இறங்கும் வெள்ளம் சுருங்க, உல்லத்தின் வரத்தும் சுருங்கியது. 1909-இல் அதே கொள்ளிடத்தில் உல்லத்தைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவைக்க சென்னை மாகாண மீன்துறை முயன்றிருந்தது. அந்த அளவுக்கு அங்கே மீன் இருந்தது. மாகாண மீன்துறை இயக்குநர் சுந்தரராஜ் 1941-இல் எழுதிய அறிவியல் கட்டுரையின் தலைப்பே, மேட்டூர் இந்தியாவுக்குச் சொல்லும் பாடங்களைப் பற்றித்தான். பாடம் எழுதப்பட்டுவிட்டது. நாடு அதன்பிறகு கட்டிய அணைகளைப் பார்த்தால் படித்ததாகத் தெரியவில்லை. கங்கையில் 1975-இல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியதும் அலகாபாத் வரை போன இலிஷுக்கும் இதே கதிதான்.

ஒகேனக்கல் மடுவில் ஒரு தோட்டா

மேட்டூருக்கு மேலே கதை வேறு. ஒகேனக்கல்லிலிருந்து கர்நாடக எல்லையை ஒட்டிக் காவிரி பாறைகளுக்கிடையே ஓடும் பகுதியிலும், மோயாற்றிலும் வாழ்வது கூன்முதுகு மஹ்சீர். கடலுக்குப் போகாது, ஆனால் மழைக்காலத்தில் மேல்நோக்கி ஏறிச் சரளைத் தரையில் முட்டையிடும். அதனால் சால்மனுக்கு உள்ள தொல்லை எல்லாம் இதற்கும் உண்டு. 1946-இல் காவிரிப் படுகையில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ.

இந்த மீனுக்கு அறிவியல் பெயரே 2018-இல்தான் உறுதியானது. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களை வைத்து முன்பே விவரித்திருந்த 'டோர் ரேமாதேவி' இனமும் இதுவும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை 'மிக அருகிய' இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. புலிகூட அந்தப் பட்டியலில் இதற்கு ஒரு படி கீழேதான். உலகில் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இது கிடையாது.

எதிரி யார்? ஆழமான மடு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். குவாரியிலிருந்து கைமாறி வந்த தோட்டா, ஒரு முழம் திரி, மூழ்குவதற்கு ஒரு கல். வெடித்த அதிர்ச்சியில் மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை கிழிகிறது. சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும், அவற்றைப் பொறுக்கிப் பரிசலில் போடுவார்கள். பை கிழிந்த மற்றவை மிதக்காமல் அடியில் பாறை இடுக்கில் தங்கிவிடும். குஞ்சுகளும் அவற்றுக்கு இரையாகும் பூச்சிகளும் கணக்கிலேயே வராது. பல ஆண்டுகள் வாழ்ந்து அந்த மடுவைத் தன் வீடாக்கிய தாய்மீன் அரை நிமிடத்தில் போய்விடும்.

இன்னொரு எதிரி நல்லெண்ணம். மஹ்சீர் குறைகிறதே என்று மகாராஷ்டிரத்து லோனாவ்லா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அவை பெருகின, கூன்முதுகு இன்னும் ஒதுங்கியது. மேட்டூரிலும் கதை இதே மாதிரிதான்: 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களில் சர்வ சாதாரணம்.

சட்டம் இங்கே காடு வழியாக வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பட்டன. யானைக்கும் புலிக்கும் போட்ட வேலி ஆற்றையும் சேர்த்துக் காக்கிறது. அதே வேலி பரிசல் வைத்து வலை வீசிப் பிழைக்கிறவர்களையும் வெளியே நிறுத்தக்கூடும் என்பது அதன் மறுபக்கம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இந்தச் சிக்கல் நீதிமன்றம் ஏறியது. 1974-இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், ஒப்பந்தம் செய்துகொண்ட பழங்குடிகளுக்குப் பிடிக்கத்தக்க சால்மனில் பாதி உரிமை என்று தீர்ப்பளித்தார். மீனில் பங்கு உள்ளவர்களே காவலுக்கும் பொறுப்பேற்றார்கள். அங்கேயே எல்வா நதியின் இரண்டு பழைய அணைகளை 2011 முதல் 2014 வரை உடைத்து எடுத்தார்கள். சால்மன் மேலேறத் தொடங்கியது.

61 நாள் கடலுக்கு, ஆற்றுக்கு?

தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. 2001-இல் 45 நாளாகத் தொடங்கியது. 2017 முதல் 61 ஆனது. மீனவக் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணமும் உண்டு. ஒழுங்காக நடக்கும் ஏற்பாடு. ஆனால் உல்லம் ஆற்றில் ஏறுவது அதற்குப் பிறகு, வெள்ளக் காலத்தில்.

வங்கதேசம் இதை மீனின் நாட்காட்டிப்படி செய்தது. அக்டோபர் வாக்கில் தாய்மீன் முட்டையிடும்போது 22 நாள் தடை, சிறு இலிஷ் பிடிக்கத் தனித் தடை, ஆற்றிலேயே சரணாலயங்கள், வலை போடாத நாட்களுக்கு மீனவர் வீட்டுக்கு அரிசி. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் டன் அளவில் இருந்த இலிஷ் பிடிப்பு பின்னர் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. தடையோடு அரிசியும் போனதால்தான் தடை நின்றது.

காவிரியில் மீனுக்கு எவ்வளவு தண்ணீர்? நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் பங்கிட்ட 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் போவதற்கு 4. கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி எல்லோருக்கும் வக்கீல் இருந்தார். மீனுக்கு இல்லை.

சேர்வராயன் மலைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. திருமணிமுத்தாறு சேலத்துச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துதான் காவிரியைத் தொடுகிறது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் அந்த ஓடைக்கும் பொருந்தும். இரவில் கழிவு திறந்துவிடப்படுவதைப் பார்த்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஆற்றில் தோட்டா வெடித்தால் காவல் நிலையத்தில் சொல்லலாம், 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படியே அது குற்றம்.

அரசு செய்ய வேண்டியதும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கீழணைக்குக் கீழே வெள்ளக் காலத்தில் சில வாரம் வலைக்கு விடுப்பு, அந்த வாரங்களுக்கு ஆற்று மீனவர்களுக்குக் கடல் மீனவர்களைப் போலவே நிவாரணம், புதிதாகக் கட்டும் ஒவ்வொரு கதவணையிலும் நம் மீனுக்கு ஏற்ற வழி. முதல் இரண்டுக்கும் புதிய சட்டம் தேவையில்லை. 6-ஆம் பிரிவும் ஓர் அரசாணையும் போதும். மூன்றாவதற்கு மட்டும் சட்டமன்றம் ஒரு வரி எழுத வேண்டும். 1867-இல் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு வரிதான் இன்னும் பாக்கி.